அசல் சித்தப்பாவின் கோட்டு

சித்தப்பா போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், மருமகள் அவர் கடையில் போட்டுக்கொள்ளும் கோட்டைத் துவைத்துப் போட்டாள். நல்ல எண்ணம்தான். உலகத்தில் பாதி நாசம் நல்ல எண்ணத்தோடும் சோப்போடும்தான் நடக்கிறது.

கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கோட்டைச் சித்தி மூக்கில் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சை மணந்தது.

"ரொம்ப அழுக்கா இருந்துச்சு அத்தை."

"அது அழுக்கு இல்லடி. உன் மாமனாரு."

சித்தப்பாவை 'அசல்' என்று சொன்னால்தான் தெருவுக்குத் தெரியும். கீழே கடை, மேலே வீடு. கடையில் சாம்பிராணி, குந்திரிக்கம், வெள்ளைப்போளம், சந்தனத் தைலம், கிராம்புத் தைலம். கல்லாவுக்கு மேலே 'கலப்படம் எங்கள் பரம எதிரி' என்று ஒரு பலகை. எந்தத் தைலத்தையும் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, "நாளைக்கு வந்து பாருங்க. கறை இருந்துச்சுன்னா அதுல வேற எண்ணெய் கலந்திருக்குன்னு அர்த்தம். என் பேரை மாத்திக்கறேன்" என்பார். கறை இருந்ததே இல்லை. சோதனை தைலத்துக்குத்தான். பொடிக்குச் சோதனை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

கால் கிலோ சாம்பிராணிப் பொடி வாங்க வந்தவர் மூவாயிரம் வருஷச் சரித்திரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"எகிப்து ராஜாவோட உடம்பு இன்னைக்கு வரைக்கும் கெடலையே, எதனால? இந்தப் போளம். மாட்டுத் தொழுவத்துல பொறந்த குழந்தையைப் பாக்கப் போன ஞானிங்க தங்கத்தோட என்ன கொண்டுபோனாங்க? இந்தக் குந்திரிக்கம். அதைச் சுமந்து சுமந்தே ஒட்டகத்துக்கு முதுகு கூனிப்போச்சு."

"அதெல்லாம் இருக்கட்டும், கொசு போகுமா?"

"ராஜாவே போய்ட்டாரும்மா. கொசு போகாதா?"

பொடி கலப்பது மட்டும் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. கல்யாணமான புதிதில் சித்தி கதவைத் தட்டியிருக்கிறாள். "திறக்காதே, வாசனை ஓடிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆயுசு முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. சாயங்காலம் மாடியேறி வரும்போது கோட்டில் அந்த வாசனை கொஞ்சம் ஓடித்தான் வரும். படிக்கட்டில் ஆள் தெரிவதற்கு முன்னால் வாசனை வந்து, "காப்பி போடு" என்று சொல்லும். அவரில்லாத இரண்டு மாதமும் சித்தி தூங்கியது அந்தக் கோட்டைத் தலையணையில் சுற்றிக்கொண்டு.

இப்போது அது வெறும் துணி. கலந்த பொடி கடையை மூடியபோதே விற்றுத் தீர்ந்துவிட்டது. கீழே செல்போன் உறை விற்கிறார்கள். ஆனால் கலக்காத சரக்கு கொஞ்சம் பரணில் இருந்தது. சித்தி எல்லாவற்றையும் இறக்கினாள். ஆளையே செய்துவிடுவது என்று உரலோடு உட்கார்ந்தாள்.

சாம்பிராணியும் குந்திரிக்கமும் இடித்துக் கோட்டின் கைப்பகுதியில் தேய்த்தாள். கோயிலும் வந்தது, சர்ச்சும் வந்தது, சித்தப்பா வரவில்லை. போளம் சேர்த்தாள், எகிப்து ராஜா வந்தார். கிராம்புத் தைலம் விட்டாள், பல் டாக்டர் வந்தார்.

"எல்லாமே பெரிய மனுஷங்களா வர்றாங்கடி," என்றாள் மருமகளிடம். "வரவேண்டிய ஆளு வரலை."

மருமகள் அழுதாள். அவளுக்கும் அந்த எலுமிச்சை சோப்பு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் பக்கத்துத் தெரு வயலின் வாத்தியார் துக்கம் கேட்க வந்தார். வெளியூரில் இருந்தாராம், இப்போதுதான் தெரிந்ததாம். என்ன பேசுவதென்று தெரியாமல் வயலின் பெட்டியைத் திறந்து, தேன் நிறத்தில் ஒரு பிசின் கட்டியை எடுத்து நீட்டினார்.

"வில்லுக்குத் தேய்க்க இதைத்தான்மா வெச்சிருக்கேன். அவர் குடுத்தது. காசு வாங்கவே மாட்டார்."

சித்தி வாங்கி முகர்ந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதுபோல இருந்தது.

"இது என்ன?"

"பைன் மரத்துப் பிசின்மா. ரொம்ப மலிவு. 'மூட்டை மூட்டையா வருது வாத்தியாரே, அள்ளிட்டுப் போங்க'ன்னுவார். தங்கமான மனுஷர்."

சித்தி கடையின் அலமாரிகளை மனசுக்குள் ஒரு முறை சுற்றி வந்தாள். எந்தத் தட்டிலும், எந்தப் புட்டியிலும், எந்த விலைப் பலகையிலும் பைன் பிசின் இருந்ததில்லை. மூட்டை மூட்டையாக வந்தது எங்கே போயிற்று என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"இதுல பாதி எனக்குக் குடுங்க," என்றாள்.

வாத்தியார் போனதும் உரல் மறுபடி கூடத்துக்கு வந்தது. சாம்பிராணிப் பொடியில் ஒரு சிட்டிகை பைன். யாரோ தூரத்தில் நின்றார்கள். ஒரு கரண்டி. தெருமுனை வரை வந்துவிட்டார். கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு. சித்தி போட்டுக்கொண்டே போனாள். சரிபாதி ஆனதும் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பாதியா?" என்றாள் சித்தி கோட்டைப் பார்த்து. "பாதிக்குப் பாதியா? கொஞ்சமாவது வெக்கம் இருந்துச்சா உங்களுக்கு? அதுக்கு ஒரு பலகை வேற!"

திட்டத் திட்டப் பொடியைக் கோட்டில் தேய்த்தாள்: கை, காலர், பேனா குத்தும் பை. பிறகு அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்பது வாசலில் வந்து நின்ற மருமகளுக்குத் தெரியவில்லை.

"மாமா வந்துட்டாரா அத்தை? என்ன கலந்தீங்க?"

சித்தி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"திறக்காதே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசனை ஓடிடும்."