ஸ்விட்சைத் திருப்பியும் நிற்காத ரேஸ் கார்

மன்னார்குடியில் டிராக்டர்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகள் ஸ்டெல்லா, தோழிகளோடு சேர்ந்து ஒரு ரேஸ் கார் செய்தாள். ஆபத்தென்றால் எஞ்சினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்சை நான்தான் பொருத்தினேன். டிராக்டருக்குச் செய்வது போல பேட்டரி வயரில் வைத்து, எஞ்சினை ஓடவிடாமலே திருப்பிக் காட்டினேன். விளக்கெல்லாம் அணைந்தது.

குறுவை நெல்லை அள்ளியபின் காலியாகக் கிடந்த களத்தில் ஓட்டிப் பார்த்தாள். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டது. எதிரே வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவள் ஸ்விட்சைத் திருப்புவது தெரிந்தது; எஞ்சின் நிற்கவில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்ததில் எஞ்சின் திணறி அணைந்து, கார் கரையோரம் நின்றது.

நான் ஓடிப்போய் அவளை இறக்கிவிடக் கை நீட்டினேன். அவளோ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "பேட்டரிதான் கட் ஆயிடுச்சே, அப்ப கரண்டு எங்கேருந்து வந்துச்சு மாமா?" என்றாள்.

ஓடும் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான்! டீசல் டிராக்டரை நிறுத்தத் தனியாக ஒரு கைப்பிடி உண்டு. அதனால் எனக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. காரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்சாரத்தையும் வெட்டும்படி ஸ்விட்சை மாற்றினேன்.

இப்போதெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் ஸ்விட்சைச் சோதிக்கிறேன். அதன்பிறகும் ஸ்டெல்லா தானே ஒருமுறை திருப்பிப் பார்க்கிறாள். நான் கோபித்துக்கொள்வதில்லை.