பாப்பிலானுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை

பாப்பிலான் நாயின் காது நிமிர்ந்து நிற்கும்போது தலையோடு ஏறக்குறைய நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் விரிந்திருக்க வேண்டும். நுனி வட்டமாக, ஓரத்தில் குஞ்சம் போல முடி தொங்க வேண்டும். ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்திருந்தால் பெரிய குறை. மூக்கு கறுப்பாக இருக்க வேண்டும். வால் முதுகின் மேல் வளைந்து விழ வேண்டும். உடம்பு முழுக்க நீளமான, மெல்லிய, பட்டுப் போன்ற முடி வேண்டும். அதன் அடியில் பஞ்சு போன்ற அடிமுடி இருக்கக் கூடாது.

நாய்க் கண்காட்சிகளில் நடுவர்கள் வைத்துப் பார்க்கும் இந்த விதிகள் எனக்கு மனப்பாடம். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வருகிற சுண்ணாம்புக்கல்லும் போகிற சிமெண்டும் தர அளவுக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் நாள் முழுக்க வேலை. எதற்காவது அளவு எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு நிம்மதி.

என் பாப்பிலானைக் கொடுத்தவள் என்னோடு கல்லூரி விடுதியில் இருந்த தோழி. பெங்களூரில் இந்த இனத்தை வளர்க்கிறாள். குரும்பலூரில் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மாவு மில் வைத்திருக்கிறாள். மாலையில் நான் சிமெண்ட் தூளோடும் அவள் அரிசி மாவோடும் வந்து நிற்போம். நடுவில் இவன், வெள்ளை முடியோடு. அதைக் காப்பாற்ற நான் ஒரு முறை வைத்திருந்தேன்: குளிக்காமல் யாரும் அவனைத் தூக்கக் கூடாது, தினமும் சீப்பு, ஞாயிறு குளியல், குளியலுக்குப் பிறகு வாசலுக்கு விடக் கூடாது. அம்மா நான்கையும் மீறுவாள். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

வந்த புதிதில் அம்மாவுக்கு அவன் இனத்தின் வரலாற்றைச் சொன்னேன். ஐரோப்பாவில் பல நூறு வருஷமாக அரண்மனைகளில் வளர்ந்த இனம். பழைய ஓவியங்களில் ராணிகளின் மடியில் உட்கார்ந்திருக்கும். அந்த ஓவியங்களில் எல்லாம் காது தொங்கித்தான் இருக்கும். நிமிர்ந்த காது பிறகுதான் பெருகியது. நிமிர்ந்த காதுக்காரனுக்குப் பாப்பிலான், அதாவது பிரெஞ்சில் பட்டாம்பூச்சி, என்று பெயர், தொங்கு காதுக்காரனுக்கு அந்துப்பூச்சி என்று பெயர்.

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "ராணி மடியில இருந்தது, குரும்பலூருக்கு வந்து கருவாடு கேக்குது பாரு."

தெருவில் நடத்திப் போனால் கேள்விகள் வரும். "இது நாயா, பூனையாம்மா?" "சார்ஜு போட்டா ஓடுமா?" ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, "எங்க வூட்டு எலி இதைவிடப் பெருசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொள்வேன். ஆனாலும் விஷயம் தெரிந்த ஒருவர் கை வைத்துப் பார்த்து, இவன் சரியாக இருக்கிறான் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தது. திருச்சியில் கண்காட்சி நடக்கப் போகிறது என்று தோழி சொன்னதும் அவள் மூலமாகவே பதிவு செய்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அம்மா வேண்டுதலைச் சொன்னாள்.

அதற்கு முந்தைய கோடையில் அவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்திருந்தது. ஈறு வெளுத்து, எழுந்து நிற்க முடியாமல் போனான். பெரம்பலூரில் டாக்டர், தீக்குச்சி போன்ற முன்னங்காலில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார். நான் மருந்துகளை நேரப்படி எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, அவன் எழுந்து நடந்தால் கல்லங்குறிச்சி கலியபெருமாளுக்கு அவன் முடியை எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கு வேண்டிக்கொள்வது போலவே, முழு மொட்டை.

"அம்மா, அந்த முடி திரும்ப வளர ரொம்ப நாள் ஆகும்."

"வளரும்ல? உசுரு போனா வளருமா?"

"நாய்க்கெல்லாம் மொட்டை உண்டா?"

"நெல்லு, கம்பு, கன்னுக்குட்டி எல்லாம் வாங்கிக்கிற சாமி, தம்பி முடியை வேணாங்குமா?"

பூ முடி கொடுக்கலாமே என்றேன். பெண்களுக்கு நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கை போடுவார்களே, அது போல. வாலில் இருந்து ஒரு கொத்து, நடுவருக்கே தெரியாது.

"மொட்டைன்னு வேண்டிட்டு பூ முடி குடுக்கவா? பெருமாளு என்ன சந்தைக்கடையா, பேரம் பேச?"

கண்காட்சி முடிந்த மறுநாளே எடுக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு அம்மா தினமும் காலையில் அவன் வயிற்றில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். மில்லில் இருந்து நடுவில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நாள் காலையில் அவன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டான். முதல் நாள் இரவு திருட்டுத்தனமாகத் தின்ற பணியாரம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், கொடுத்தவளே அவள்தான். இருந்தும் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம் மட்டும்தான். அந்தப் பயத்தை அவள் தினமும் சுமக்க, நான் சீப்பால் முடியை வாரிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது.

"சனிக்கிழமை போவோம்மா" என்றேன். கண்காட்சிக்கு வரவில்லை என்று தோழிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

வாடகைக் காரில் கல்லங்குறிச்சிக்குப் போனோம். கோயிலுக்கு வெளியே, முடி எடுக்கும் இடத்தில், அவனை மடியில் வைத்து நான் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் குழந்தையைத் தேடினார்.

"பிள்ளை எங்கங்க?"

"இதாங்க பிள்ளை" என்றாள் அம்மா.

அவர் அவனைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான். "ஏங்க, இது மனுசங்களுக்குப் போடுற கத்திங்க. அடுத்தாப்ல உக்கார்றவங்க என்னைய என்ன பண்ணுவாங்க?"

"புது பிளேடு வாங்கித் தரேங்க."

"பிளேடு இருக்கட்டும். ஒரு திமிறு திமிறினா காதே போயிருங்க. எனக்குத் தைரியம் இல்ல."

அவர் சொன்னது நியாயம். வீட்டிலேயே கத்தரித்து உண்டியலில் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அம்மா பின்னலை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"பிள்ளையால முடியலன்னா பெத்தவ குடுக்குறது உண்டுல்ல?"

"வேணாம்மா. நான் வேற வழி பாக்கிறேன்."

"நீ கண்காட்சியப் பாரு. அதான் பெருமாளே தம்பி முடி வேணாம்னு சொல்லிட்டாரே." முடி எடுப்பவரைப் பார்த்துத் திரும்பினாள். "நான் திமிற மாட்டேங்க."

"அப்படின்னா உக்காருங்க" என்று அவர் தண்ணீரை எடுத்தார்.

அம்மாவின் முடி இடுப்பு வரை வரும். நரை குறைவு. அது கொத்துக் கொத்தாக விழுவதைப் பார்க்க முடியாமல் அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது, தலையில் சந்தனம் பூசி அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு காதுகளும் விரிய, மடியில் எழுந்து நின்று குரைத்தான். பிறகு குரலைக் கேட்டு, தாவிப் போய் சந்தனத்தை நக்கினான். அன்றிலிருந்து அவளுடைய மொட்டைத் தலை அவனுக்குத் தீராத அதிசயம். தலையில் போட்ட முந்தானை நழுவினால் போதும், காது இரண்டும் நிமிர்ந்துவிடும்.

திரும்பும் வழியிலேயே தோழியைக் கூப்பிட்டேன். பதிவை அவள் ரத்து செய்திருக்கவே இல்லை. "நீ எப்படியும் வருவேன்னு தெரியும்டி" என்றாள்.

திருச்சியில் அவனை மேஜை மேல் நிறுத்தியதும் எல்லாம் கெட்டது. ஒலிபெருக்கிச் சத்தம், பெரிய நாய்களின் குரைப்பு. காதை மடித்துத் தலையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினான். நடுவர் பொறுமையாகப் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், முடியைக் கையில் அள்ளி விட்டுப் பார்த்தார். காதுக்காகக் காத்திருந்தார். நான் கூப்பிட்டேன், தின்பண்டம் காட்டினேன். காது அசையவே இல்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. முந்தானையை எடுத்துத் தலையைத் துடைத்தாள். அவன் பார்த்துவிட்டான். நடுக்கம் நின்றது. வால் முதுகின் மேல் ஏறியது. காதுகள் இரண்டும் மெதுவாக எழுந்து, விரிந்து, நின்றன.

நடுவர் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "காது ரொம்ப சரியா இருக்கும்மா" என்றார். "முதுகுதான் ஒரு பொட்டு நீளம்." மூன்றாவது இடம் கொடுத்தார்.

காரில் ஏறியதும் அம்மா கேட்டாள். "என்ன குறை சொன்னாரு?"

"முதுகு நீளமாம்."

"இருக்கட்டும்." அவனை மடியில் நீளவாக்கில் கிடத்தினாள். பாடாலூர் வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். அவன் முகவாய் அவள் முழங்கையில் இருந்தது. அவள் புறங்கை அவன் வயிற்றின் மேல், சூடு பார்க்கும் இடத்தில், அப்படியே கிடந்தது.