மீன்கடையின் பெயர் என் கையில்

காலாவதியான இணையதளப் பெயரை மடக்கிப் பிடித்து, பழைய சொந்தக்காரரிடமே பல மடங்கு விலைக்கு விற்பதுதான் என் தொழில். சட்டப்படி தப்பே இல்லை என்று வீட்டில் அடித்துப் பேசுவேன்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் காசிமேட்டில் பல பேர் கடையோடு மெயிலையும் மறந்துவிடுவார்கள். பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலை யார் பார்ப்பது? அப்படி எனக்குச் சிக்கியதுதான் ஸ்டெல்லா அக்காவின் மீன்கடைப் பெயர். போன் செய்து விலை சொன்னேன்.

"பேரு உன்கிட்ட கீது. மீனு கீதா நைனா? நீயே வச்சிக்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

தடை முடிந்ததும் பிடித்தது தலைவலி. அந்தப் பெயருக்கு வரும் ஆர்டர் மெயிலெல்லாம் என்னிடமே கொட்டியது. சங்கராவைக் கழுவி வை, நெத்திலிக்குத் தலையைக் கிள்ளி வை! எரிச்சலோடு அழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மெயிலில் கை நின்றது.

"மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. தாய்ப்பால் பத்தலை. நாளைக்குப் பால் சுறா கட்டாயம் வேணும் அக்கா."

அதை எப்படி அழிப்பது? ஸ்டெல்லா அக்காவுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் எல்லா ஆர்டரையும் அனுப்பும் வேலை என் தலையில். பொறுக்க முடியாமல், "பேரைச் சும்மாவே தர்றேன், வாங்கிக்கோங்க" என்று கெஞ்சினேன்.

"வாணாம். அடுத்த தடைக்காலத்துல நான் மறந்துடுவேன். நீதான் தேதியில உஷாரா கீறியே, நீயே பாத்துக்கோ."

போன வாரம் என் காசில் புதுப்பித்தேன். ஒரு பெயர் காலாவதியாகிவிடுமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தேன்.