முதல் பஸ்ஸும் அண்ணியின் ஓட்டமும்

அண்ணியை ஓட வைத்தது ஒரு டாக்டர். நடக்கத்தான் சொன்னார் அவர். சொன்னதோடு நிறுத்திக்கொள்கிற ரகம் இல்லை எங்கள் அண்ணி. கொஞ்ச நாள் நடந்தார், பிறகு வேகமாக நடந்தார், ஒருநாள் நான் கண் விழித்து வந்து பார்த்தால் சமையலறையில் வேர்த்து விறுவிறுத்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஓடினேன்" என்றார். திருட்டுத்தனம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் அண்ணியின் அம்மா காலமானார். அன்றிலிருந்து அண்ணி பேச்சையே விட்டுவிட்டார். கேட்டால் பதில் வரும், அதுவும் ஒரு வார்த்தை. வேலைக்குப் போவார், வருவார், பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். அண்ணன் தனக்குத் தெரிந்த ஜோக்கெல்லாம் சொல்லிப் பார்த்தான். அவன் ஜோக்குக்கு நல்ல நாளிலேயே யாரும் சிரிப்பதில்லை. நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவள், வாயாடி என்று பெயர் எடுத்தவள். என் வாயாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டம்தான் அவரை எங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தது. ஓடிவிட்டு வந்த காலைகளில் அண்ணி பேசினார். பூங்காவில் பார்த்த நாயைப் பற்றி, பல் தேய்த்துக்கொண்டே நடக்கிற பெரியவரைப் பற்றி, எதையாவது பேசிக்கொண்டே இருந்தார். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் நின்று கேட்பேன்.

பிறகு குளிர்காலம் வந்தது. விடிவது தள்ளிப்போனது, அண்ணியின் தையல் கூடம் திறக்கிற நேரம் தள்ளிப்போகவில்லை. ஓடுவதென்றால் இருட்டில்தான் ஓட வேண்டும். அதற்கு அண்ணியிடம் வழி இருந்தது. அவர் தைப்பதே சாலை போடுகிற ஆட்களுக்கான சட்டைகளைத்தான். நெஞ்சிலும் முதுகிலும் ரிஃப்ளெக்டர் பட்டை வைத்துத் தைப்பார்கள். பகலில் பார்த்தால் சாம்பல் நிற ரிப்பன், வண்டி வெளிச்சம் பட்டால் கண் கூசும். மேற்பார்வையாளரிடம் கேட்டு வெட்டி மிஞ்சிய துண்டுகளை வாங்கி வந்து, தன் கறுப்பு ஸ்வெட்டரில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு குறுக்குப் பட்டையாக வைத்துத் தைத்தார். அளவு பார்க்கக்கூட இல்லை. கை அவ்வளவு பழகிய கை.

அண்ணன் பஸ் டிரைவர். முதல் பஸ் அவனுடையது. நாங்கள் எழுவதற்குள் டிப்போவுக்குப் போய்விடுவான். அண்ணி பூங்காவுக்குள்தான் ஓடுகிறார் என்று அவன் நிம்மதியாக இருந்தான். உண்மையும் அதுதான், பூங்காவில் விளக்கு கெட்டுப்போய்க் கதவைப் பூட்டுகிற வரைக்கும்.

பூட்டிய அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததுமே அண்ணன் கத்த ஆரம்பித்தான்.

"ரோடு போடறவனுங்களுக்கு அறிவே கிடையாது. வளைவைத் தாண்டினதும் ரிஃப்ளெக்டர் ஒட்டின தடுப்புப் பலகையை ரோட்டுக்குள்ள தள்ளி வெச்சிருக்கானுங்க. பக்கத்துல போனதும்தான் தெரிஞ்சு ஸ்டியரிங்கை ஒடிச்சேன். பஸ் கண்ணாடி உரசாம போனது என் நல்ல நேரம்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது பலகை இல்லைங்க" என்றார். "நான்தான்."

அண்ணன் முதலில் சிரித்தான், ஏதோ விளையாட்டு என்று. அண்ணி சிரிக்கவில்லை.

"பூங்கா பூட்டியிருந்துச்சு. அதான் மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஓரத்துல தண்ணி தேங்கியிருந்துச்சுன்னு கொஞ்சம் உள்ள தள்ளி ஓடினேன். பஸ் போன பிறகு பின்னாடி நம்பரைப் பார்த்தேன். உங்க பஸ்."

பிசைந்த சோற்றை அப்படியே விட்டு அண்ணன் கையைக் கழுவினான். திரும்பி வந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னான்: "இனிமே ஓட வேண்டாம். பேச்சே கிடையாது."

அண்ணி சண்டை போடவில்லை, சரி என்றார். மறுநாள் ஓடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பாதித் தட்டோடு எழுந்திருப்பது மறுபடி ஆரம்பித்தது. எனக்கு அண்ணன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டுக்குப் பயந்து அவரை வீட்டுக்குள்ளேயே தொலைக்கப் போகிறோமே என்றிருந்தது. ஆனால் அவனை என்ன சொல்ல? கட்டினவளையே இடிக்க இருந்தவன். அவனும்தான் தூங்கவில்லை. கூடத்தில் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் லீவு நாளில், இருட்டோடு இருட்டாக என் கதவைத் தட்டினான்.

"எழுந்திரு. ஓடணும்."

"யாரு?"

"நீதான்."

வெளியே எதிர்வீட்டு மெக்கானிக்கின் வேன் நின்றது. முன்சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அண்ணி. தையல் கூடத்துக்குப் பின்னால் வண்டி வராத ஒரு நீளச் சாலை உண்டு. அங்கே கொண்டுபோய் அந்த ஸ்வெட்டரை என் தலைவழியே மாட்டி, "கடைசி வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வா" என்றான். அவனும் அண்ணியும் வேனில் உட்கார்ந்து விளக்கைப் போட்டு, டிரைவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பார்களாம். குளிரில் பல் தந்தியடிக்க நான் ஓடினேன். ஓட்டம் என்று அதைச் சொன்னால் அண்ணி கோபித்துக்கொள்வார். திரும்பி வந்தால் அண்ணி கண்ணாடியை இறக்கி, "ஓடினியா, அங்கேயே நின்னுட்டியா?" என்கிறார்.

"என்ன அண்ணி, உயிர் போகுது எனக்கு!"

"இங்கேருந்து பார்த்தா ரெண்டு கோடுதான் தெரியுது. அசையவே இல்ல."

அண்ணி கீழே இறங்கினார். என்னைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"நின்ன இடத்துல வேலை செய்யறவங்களுக்குத் தைக்கிற மாதிரியே நெஞ்சுலயும் முதுகுலயும் தைச்சிருக்கேன். நான் எங்க நிக்கறேன்?"

கைப்பையில் மிச்சத் துண்டுகள் இருந்தன. அவற்றை என் கணுக்கால்களிலும் மணிக்கட்டுகளிலும் சுற்றி ஊக்கு குத்தினார். குத்தியதில் ஒன்று என் தோலிலும் ஏறியது. மறுபடி ஓடினேன். இந்தத் தடவை நான் சாலையின் கோடிக்குப் போவதற்குள்ளேயே ஹாரன் அடித்துவிட்டான் அண்ணன். வேனிலிருந்து குதித்து, "ஆளு! ஆளு ஓடுது! காலு தெரியுது பாரு!" என்று கத்தினான். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் குதிக்க மாட்டான்.

"அப்போ நான் ஓடலாமா?" என்று அண்ணி கேட்டார்.

கேட்டதும் அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

"வண்டி வர்றதுக்கு எதிர் முகமா ஓடணும். முதுகைக் காட்டக் கூடாது" என்றான்.

"சரி."

"காதுல பாட்டு கீட்டு ஒண்ணும் மாட்டக் கூடாது."

"உங்க ஜோக்கையே கேட்டுட்டேன். இனி பாட்டு எதுக்கு?"

பல நாளைக்குப் பிறகு அண்ணி வாயிலிருந்து வந்த கிண்டல் அது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொண்டு மேலே மேலே அடுக்கினான்: டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடி, டிரைவர் கண்ணில் அடிக்காதே, வளைவில் ஈரச் சருகு வழுக்கும், அங்கே நடந்து போ, எந்த ரோடு என்று இந்த வாயாடியிடம் சொல்லாமல் படி இறங்காதே. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குக் குளிரில் கால் மரத்துவிட்டது, இரண்டு பேருக்கும் அந்த நினைப்பே இல்லை.

தையல் கூடத்தில் இந்தக் கதை பரவியது. அண்ணிக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணும் பட்டன் தைக்கிற அக்காவும் அவரோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தார்கள். மூன்று பேருக்கும் அண்ணியே கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்கும் பட்டை தைத்தார், ஒரே அளவில்.

போன வாரம் எனக்குச் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, அண்ணன் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். வெளியே ஒரே மூடுபனி. வளைவைத் தாண்டியதும் வெகுதூரத்தில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மேலும் கீழும் ஆடிக்கொண்டு வந்தன. அண்ணன் வேகத்தைக் குறைத்தான்.

"நடுவுல வர்றது உன் அண்ணி" என்றான்.

"மூஞ்சியே தெரியல, எப்படிச் சொல்றே?"

"இடது கால் கொஞ்சம் வெளிய வீசும். அவளை முதல் முதல்ல பார்த்த அன்னிக்கே கவனிச்சேன்."

நானும் பார்த்தேன். மூன்று ஜோடிக் கால்களில் ஒரு கால் மட்டும் கொஞ்சம் வெளியே வீசியது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

அவன் விளக்கைத் தாழ்த்தி, பஸ்ஸை நன்றாக ஒதுக்கி, ஊர்ந்து போனான். மூவரும் எங்களைக் கடந்தார்கள். நடுவில் அண்ணிதான். மற்ற இருவரும் பேச மூச்சில்லாமல் ஓட, அண்ணி கையை ஆட்டி ஆட்டி அவர்களுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டே போனார்.