மூன்று கம்பி போதாத மோடம்

குடும்பத்தில் அவளுக்கு வழங்கும் பெயர் புளுகுமூட்டை. வைத்தவள் நாத்தனார். மறுத்துப் பேச யாரும் முன்வரவில்லை. மாமியாரிடமிருந்து போன் வந்தால், கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டே, தான் வெளியே போயிருப்பதாக அவரைச் சொல்லவைப்பாள்.

அதே பெண், வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்தில் ஒரு கம்பி பொய் சொன்னால் பொறுக்கமாட்டாள்.

ஆறு வருடமாக அவள் ஒப்பந்த டெக்னீஷியன். நிலையத்தின் கட்டுப்பாட்டு டெர்மினலை ஒரு மோடத்தோடு இணைத்து, தொட்டியின் நீர்மட்டம் தொலைபேசி வழியே தலைமையகத்தில் தெரியும்படி செய்துவிட்டால் வேலை நிரந்தரம். நான்கு மணிக்கு இன்ஜினியர் அங்கிருந்து டயல் செய்வார். மோடம் எடுத்தால் உத்தரவு. எடுக்காவிட்டால் இன்னொரு வருட ஒப்பந்தம்.

ஸ்டோரிலிருந்து வந்த கேபிளில் இருந்தது மூன்றே கம்பி. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று. சீரியல் போர்ட்டில் செருகிப் பார்த்தாள். மோடம் அசையவில்லை. டெர்மினல் உயிரோடு இருக்கிறது என்ற தகவல் தனிக் கம்பியில் வந்தால்தான் அது போனை எடுக்கும். முறையான பிறவி.

பம்ப் ஆபரேட்டர் எட்டிப்பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கா இவ்வளவு யோசனை? மோடம் பக்கத்து பிளக்கைப் பிரிச்சு, ரெண்டு பின்னை ஒரு துண்டுக் கம்பியால சேர்த்து விடு. அது கேக்கறதுக்கு அதுவே பதில் சொல்லிக்கும். எல்லா ஸ்டேஷன்லயும் அதான் பண்ணியிருக்காங்க."

"அப்புறம் டெர்மினல் செத்தாலும் மோடம் எடுக்குமேண்ணே."

"எடுக்கட்டுமே. எடுக்கலைன்னாதானே திட்டு?"

"தொட்டி வழிஞ்சா யாருக்குத் தெரியும்?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"போன வாரம் நீங்க இருந்த லட்சணத்துலதான் கீழ் ரூம்ல முழங்கால் தண்ணி."

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. "மாமியார் கூப்பிட்டா வீட்ல இல்லைன்னு சொல்ல வைக்கிறவ நீ. இந்த மோடம் ஒரே ஒரு பொய் சொல்லக்கூடாதாக்கும்?"

"மாமியார் வழிஞ்சு ஊர் முழுகாதுண்ணே."

பழைய இன்டர்காமில் கழற்றிய கேபிள் ஒன்று அலமாரியில் கிடந்தது. உள்ளே ஒன்பது கம்பி. இரண்டு முனைக்கும் சேர்த்துப் பதினெட்டு இடத்தில் சால்டர் வைக்க வேண்டும். உட்கார்ந்தபோது மூன்றே கால்.

நான்கு மணிக்கு அவள் பதினான்காவது இடத்தில் இருந்தாள். இன்ஜினியரின் அழைப்பு வந்து மோடத்தின் விளக்கு பத்து முறை சிமிட்டி ஓய்ந்தது. ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் நிமிரவில்லை.

கடைசிக் கம்பி ஆறியபோது நான்கு இருபது. கேபிளைச் செருகிய கையோடு மேசைப் போன் அடித்தது.

"என்னம்மா, எடுக்கவே இல்லை?" என்றார் இன்ஜினியர்.

"லைன்ல ஒரே இரைச்சல் சார். இப்பதான் அடங்குச்சு." மூச்சு விடுவது போல வந்தது பொய்.

இன்ஜினியர் மறுபடி டயல் செய்தார். மோடம் எடுத்தது, நீர்மட்டம் அவர் திரையில் வந்து நின்றது. "நல்லது" என்று மேசைப் போனில் சொன்னார். இத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் உத்தரவு அன்றைக்கே கையெழுத்தாகியிருக்கும்.

"சார், டெர்மினலை அணைச்சிருக்கேன். இப்ப ஒரு தடவை மோடத்தைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்தார். "எடுக்கலையே!"

"எடுக்கக்கூடாது சார்."

"மத்த எட்டு ஸ்டேஷனும் எப்பக் கூப்பிட்டாலும் எடுக்குதே?"

"அதான் சார் பயமா இருக்கு."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "எட்டையும் நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. உத்தரவை அப்புறம் பேசிக்கலாம்."

"நல்லா வாங்கிக்கிட்டே" என்றார் ஆபரேட்டர்.

ஐந்து வாரம் பிடித்தது. மூன்று நிலையங்களில் டெர்மினல் செத்து மாதக்கணக்காகியிருந்தது. ஒன்றின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். மோடங்கள் மட்டும் கடமை தவறாமல் போனை எடுத்துக்கொண்டிருந்தன. துண்டுக் கம்பிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, புது கேபிள் போட்டு, கண்டதை அப்படியே தலைமையகத்துக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஆறாவது வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. ஒன்பது நிலையங்களின் இணைப்புக்கும் அவளே பொறுப்பு என்று அதில் கண்டிருந்தது. அதற்குள், அவை குடிநீர் நிலையங்களாகவே இருந்தும், எட்டில் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போயிருந்தது.