வாசல் வரை வந்த கஞ்சி

எங்கள் மலையில் இரண்டு வீடுகளுக்குள் பகை முற்றினால் யாரும் கத்தியைத் தேட மாட்டார்கள். தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். "அந்த வூட்டோட எங்களுக்குத் தண்ணி பொழக்கம் இல்ல" என்று ஊர் முன்னால் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். மறுபடி சேர வேண்டுமானால், யார் அறுத்தாரோ அவரே மற்றவர் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். நரகத்தைப் பற்றி நான் இன்று தயங்காமல் பேசுகிறேன் என்றால், அதற்கு இந்த வழக்கம்தான் காரணம்.

நான் எட்டாவது வரை படித்தவள். சந்தைக்குப் போகும் வழியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைத் துணி கொடுக்க வருகிறவர்கள் கூடவே நாலு பேச்சையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். துணியைத் திருப்பித் தந்துவிடுவேன், பேச்சை வைத்துக்கொள்வேன். வேதத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மிஷினில் உட்கார்ந்தபடியே எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டில் சில பெண்கள் ஜெபத்துக்குக் கூடுவோம்.

ஒருமுறை மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மைக் செட் வைத்து, அணையாத தீ, அணையாத தீ என்று தொண்டை கட்டும்வரை பேசினார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் காதில், "தீயைப் பாக்கணும்னா மாசி பங்குனில நம்ம காடு பத்தி எரியறப்ப வரச் சொல்லு. தழை ஒடிச்சிகினு அவரும் அணைக்கட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து நரகம் வருகிற பக்கம் வந்தால் மெதுவாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அன்பான கடவுளைப் பற்றிச் சொல்லவே நேரம் போதவில்லை, இது எதற்கு என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வைத்தவர் எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வரும் ஓர் அக்கா. அவருடைய கணவர் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். காரியம் முடிந்த அன்றே கணவரின் அண்ணன் புளிய மரங்களைத் தன்னுடையது என்றார். அக்கா எதிர்த்துப் பேசியதும், கூடியிருந்த ஊர் முன்னால் அந்த அண்ணன், "இனி இவ வூட்டோட தண்ணி பொழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு அக்கா கல்லுடைக்கப் போனார், சாமை அறுக்கப் போனார், கர்நாடகத்து மிளகுத் தோட்டத்துக்கும் போனார். பிள்ளைகள் பசியோடு தூங்கிய ராத்திரிகள் உண்டு.

ஒரு ஞாயிறு, ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவர் மட்டும் எழவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. அன்பு அன்புன்றியே, அந்த ஆளையும் சும்மா வுட்டுடுவாரா?"

நான், "அவருக்கு எல்லாரும் பிள்ளைங்கதானேக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அப்ப எம் புள்ளைங்க? அதுங்க அழுதப்ப உங்கப்பன் காதுல பஞ்சு வச்சிகினு இருந்தாரா? நரகம் இல்லன்னா சொல்லிடு. நான் அடுத்த வாரத்துலருந்து வரல."

நரகம் இருக்கிறதே, அப்புறம் எப்படி அவர் அன்பான கடவுள் என்று கேட்டவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் எப்படி அன்பான கடவுள் என்று கேட்டவர் இவர்தான். பேச்சு எனக்குத் தானாக வந்தது. "இருக்குதுக்கா. உன் புள்ளைங்க பசிய பாத்து அவருக்குக் கோவம் வரலன்னா அவரு இன்னா அப்பா? அன்பு இருக்கறதாலதான் அந்தக் கோவமும் கீது" என்றேன். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "இது போதும். இன்னிக்கு நான் தூங்குவேன்."

அந்த வருஷமே அந்த மனிதருக்கு வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன்கள் திருப்பூரில். செய்தி கேட்ட அக்கா என் கடைக்கே வந்து, "கேட்டியா, ஆரம்பிச்சிட்டாரு" என்றார். "நான் போய் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார். எதற்குப் போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் விழுந்து கிடப்பதைக் கண்ணாரப் பார்க்கத்தான் போனார் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் தூக்குப் போசியோடு என் கடையைத் தாண்டி அதே பக்கம் நடந்தார்.

"இன்னாக்கா அது?"

"சாமைக் கஞ்சி. வாய் காஞ்சி கெடக்கறான். பாத்துட்டு வந்து எனக்குச் சோறு எறங்கல. அதுக்குன்னு மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத."

கஞ்சி போனது. அவர் வாங்கவில்லை. அக்கா தினமும் போனார். அவர் தினமும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா ஒரு வழி செய்தார். வாசலில் அக்கா கையிலிருந்து போசியை வாங்கி, உள்ளே கொண்டுபோய்த் தன் கையால் கொடுப்பார். அப்படியானால் குடிப்பார்.

ஒருநாள் நானும் கூடப் போய்ப் பார்த்தேன். அக்கா நிலைப்படிக்கு வெளியே நின்று, "மாமா, கஞ்சி" என்றார். கட்டிலில் அசைவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வாங்கிக்கொண்டு நாலே எட்டு வைத்தார். அவர் இடது கையை நீட்டி வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். வாசலில் நின்றவர் பக்கம் பார்வை திரும்பவே இல்லை. ஊர் முன்னால் தான் சொன்ன ஒரு சொல்லைக் காவலுக்கு வைத்துக்கொண்டு அவர் தனியாகக் கிடந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

திரும்பி வரும்போது அக்கா வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"கஞ்சி என்னுது, போசி என்னுது. கை மட்டும் வாணாமாம். தங்கச்சி, நரகம்னா இதுதானா?"

வேதத்தில் வரும், தீயில் கிடந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்ட செல்வந்தனின் கதையை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். வாசலில் பசியோடு கிடந்த ஏழையை அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. செத்துத் தீயில் விழுந்த பிறகும், மேலே சேர்ந்துவிட்ட அந்த ஏழையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்காரனை அனுப்புவதுபோல அந்த ஏழையைத் தண்ணீரோடு அனுப்பச் சொல்லி, அங்கிருந்த பெரியவரிடம்தான் கேட்டான். "கடவுள் யாரையும் புடிச்சித் தள்றாருன்னு நான் நெனைக்கலக்கா. அவரு கஞ்சிய எட்த்துகினு வந்து நிக்கறாரு. அந்தக் கை வாணாம்னு மூஞ்ச திருப்பிக்கறது கீது பாரு, அது ஒருநாளும் முடியலன்னா அதான் நரகம்."

அக்கா போசியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு, "எரியணும்னுதான் கேட்டேன். இப்டி இருக்கும்னு தெரியாது. இது அவனுக்கு வாணாம்" என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. மதியம் அக்கா கடைக்குள் வந்து, வெட்டிப் போட்ட துணிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்து வூட்டுக்காரம்மா திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க. வாசல்ல நின்னு நின்னு பாத்தேன். போசிய வச்சிட்டு வந்துடலாம்னா அவனால எழுந்து எடுக்க முடியாது. உள்ள போய்ட்டேன். டம்ளர்ல ஊத்தி நீட்னேன். கையி வலிக்கற வரைக்கும் நீட்டிகினே நின்னேன்."

"அப்புறம்?"

"வாங்கனான். ஒரு வாய் குடிச்சான். குடிச்சிட்டு, 'உப்பு கம்மி'ன்றான்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்த முதல் பேச்சு அது. மறுநாள் போசியோடு, காகிதத்தில் மடித்த உப்பும் போனது.

ஐப்பசி மழையில் அந்த மனிதர் இறந்தார். மன்னிப்பு என்று வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. மகன்கள் வந்தார்கள், மரங்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அந்த மரங்களுக்கான நியாயத்தை இன்னும் அக்கா தன் ஜெபத்தில் சத்தமாகவே கேட்கிறார், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். நரகம் வருகிற பக்கத்தையும் இப்போது தாண்டுவதில்லை, நிறுத்திப் படிக்கிறேன்.

அவர் இறந்த வாரக் கூட்டத்தில், தீயை அணைக்கப் பிரசங்கியாரைக் கூப்பிட்ட அதே பெண், "அந்த ஆளு இப்ப எங்க கீறான்னு நெனைக்கற?" என்று அக்காவிடம் கேட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"அது எனக்கெங்க தெரியும். அங்க யாரு கஞ்சி ஊத்தறதுன்னு தெரியும். அவருகிட்ட சொல்லிகீறேன், உப்பு கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லி."