கரண்ட் இல்லாத ஊரில் ஒரு பேஸ் கிற்றார்

பேஸ் கிற்றார் செய்யும் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் போட்டிக்கு ஆள் இல்லை; வாங்கவும் ஆள் இல்லை. கையால் ஏதாவது செய்யப்போய் வீட்டிலும் வெளியிலும் பேச்சு வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கொக்குவிலில் எங்களுக்கு ஒரு சின்ன இசைக்குழு. தலைவர் ஜெயம் அண்ணை. நான் பேஸ் வாசிப்பவன், அதுவும் இரவல் கிற்றாரில். சண்டையில் ஊருக்கே கரண்ட் போனது. பிறகு கிற்றாரின் சொந்தக்காரர் அதையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார். ஜெயம் அண்ணையின் மச்சான் ராசன் வாயாலேயே 'டும் டும்' என்று பேஸ் போடக்கூடியவன். தொண்டைமானாறு என்ற ஊரில் நடக்கவிருந்த கலியாணக் கச்சேரிக்குள் நான் ஒரு கிற்றாரோடு வராவிட்டால் என் இடம் ராசனுக்கு என்று ஜெயம் அண்ணை சொல்லிவிட்டார். அந்தக் குழுவை விட்டால் எனக்கு ஊரில் வேறு மரியாதை கிடையாது. பழைய இசைத்தட்டு உறை ஒன்றில், அந்தக் காலத்துக் கொம்பு வைத்த பேஸ் கிற்றாரின் படம் இருந்தது. அதைப் பார்த்து நானே செய்வதென்று இறங்கினேன்.

பிணைச்சல்

உடம்புக்கு, உடைந்த பலாக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. கழுத்துக்கு வேப்பஞ்சட்டம். மட்டையில் படம் வரைந்து தச்சுவேலை செய்யும் பேரின்பம் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் கதவும் யன்னலும் தவிர வேறொன்றும் செய்து பழக்கமில்லாதவர். போய்ப் பார்த்தால் கொம்பு, வளைவு எல்லாம் அச்சொட்டாக இருந்தன. கண் கலங்கிவிட்டது. ஆசையோடு தூக்கினேன்; கழுத்து மடங்கி என் முழங்காலில் அடித்தது. உடம்பையும் கழுத்தையும் அவர் அருமையான பித்தளைப் பிணைச்சல் போட்டுக் கதவு மாதிரிப் பொருத்தியிருந்தார்.

இது மடங்கவே கூடாது என்று நான் எடுத்துச் சொல்ல, வேண்டா வெறுப்பாகப் பிணைச்சலைக் கழற்றித் திருகாணி போட்டு முறுக்கினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"மடங்காட்டில், மழை பெய்யேக்கை உதை என்னெண்டு தம்பி சாத்துறது?"

அப்பாவின் பிறேக்

பொருளாதாரத் தடை இருந்த அந்த நாட்களில் குளிக்கிற சவர்க்காரமே கஷ்டப்பட்டுத்தான் ஊருக்குள் வந்தது. கிற்றார்க் கம்பிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுச் சைக்கிள்கள் இரண்டும் கேபிள் பிறேக் போட்டவை. என்னுடையதில் இரண்டு கேபிளை உருவினேன். பேஸுக்கு நாலு கம்பி வேண்டும். மீதியை அப்பாவுடையதில் உருவினேன், விடிந்ததும் சொல்லலாம் என்று. அப்பா வட்டுக்கோட்டையில் வாத்தியார். நான் எழும்புவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டார்.

சந்தியில் பூசணிக்காய் குவித்து வைத்திருந்த வியாபாரி ஒருவர்தான் அப்பாவை நிறுத்தினார், தன் பூசணிக்காய்களால். வேட்டியெல்லாம் பூசணி விதையோடு அப்பா திரும்பி வந்து, கிற்றாரில் இழுத்துக் கட்டியிருந்த தன் பிறேக்கை நெடுநேரம் பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை.

"சங்கீதம் உன்ரை சொந்தச் சைக்கிளோடை நிக்கட்டும், என்ன?"

கோயில் சிவப்பு

படத்தில் இருந்த கிற்றார், பழசாகி மஞ்சளித்த பால் நிறம். எனக்குக் கிடைத்ததோ கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்: சிவப்பிலும் வெள்ளையிலும் கொஞ்சம் கொஞ்சம். கம்பிகளைக் கழற்றி, பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கி, உடம்புக்குச் சிவப்பும் விளிம்புக்கு வெள்ளையும் அடித்து, வாசல் படலையடி மாமரத்தில் காயக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் கொம்பில் ஒரு செவ்வரத்தம்பூ. பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தா. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவவே கேட்டா.

"எந்தச் சாமியின்ரை வாகனம் தம்பி உது? இன்னும் கண் திறக்கேல்லைப் போலை."

முதல் சத்தம்

செத்துப்போன ஸ்பீக்கரில் காந்தம் எடுத்து, எரிந்துபோன மின்விசிறியின் செப்புக் கம்பியை அதில் சுற்றி, கிற்றார்க் கம்பிகளுக்குக் கீழே பதித்து, பழைய றேடியோ ஒன்றோடு பொருத்தினேன். கரண்டுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி உழக்குவதற்குச் சிநேகிதன் குணம். அவன் வேகமாக உழக்கினால் சத்தம் ஏறும்; வேர்வை துடைத்தால் இறங்கும்.

மேல் கம்பியைத் தட்டினேன். அடிவயிற்றில் இருந்து ஒரு உறுமல் எழுந்து ஒழுங்கை முழுக்கப் பரவியது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. எட்டிப் பார்த்தேன், ஒழுங்கையில் ஒரு குஞ்சையும் காணவில்லை. எல்லாரும் குண்டுவீச்சுக்கென்று வெட்டிய பங்கருக்குள். மங்களேஸ்வரி அக்காவின் தலை மட்டும் வெளியே வந்து வானத்தைத் துழாவியது.

"விளையாட்டை விட்டிட்டு நீயும் உள்ளுக்கை வா தம்பி. கிட்டத்திலைதான் சுத்துறான்."

முதற் பந்தி

தொண்டைமானாற்றில் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லி வைத்தோம், ஒருவரும் ஓட வேண்டாம் என்று. ஆர்மோனியம், டோலக், சிவப்புக் கிற்றார். பந்தலின் வாழைமரத்துக்குப் பின்னால் குணம் சைக்கிளில். ராசன் வாயை மூடிக்கொண்டு உம்மென்று ஓரத்தில். முதல் பாட்டு எடுபட்டது. ஜெயம் அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இனி என் இடம் எனக்குத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில், முதற் பந்திக்கு வரச்சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் வந்தது. கிற்றார் முனகியது, இருமியது, நின்றது. திரும்பிப் பார்த்தேன், சைக்கிள் இருந்தது, குணம் இல்லை. வெறும் பிறேக் கம்பியை நான் டொக்கு டொக்கென்று தட்ட, ஜெயம் அண்ணையின் முகம் கறுத்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் 'டும் டும்' என்று கேட்டது. ராசன் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு வாயால் போட்டுக்கொண்டிருந்தான். நான் விரலை மட்டும் அசைத்தேன். கடைசிப் பாட்டுவரை அப்படியே போனது. அன்றிலிருந்து ஜெயம் அண்ணை இருவரையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். ராசனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது, ஆனால் அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் பாட்டிலை ஒரே இரைச்சல் தம்பி. பிறகுதான் கிற்றார் கிற்றாராய்க் கேட்டுது."

இரவல் கிற்றாரில் தொடங்கிய நான், சொந்தக் கிற்றாரும் இரவல் சத்தமுமாக முன்னேறிய வரலாறு இவ்வளவுதான்.